குட்டி யானை மேல் ஒரு குதிரை

விடிகாலை ஐந்தே கால் மணி. அம்பத்தூர் ஒரகடத்தில் எங்கள் தெருமுனையில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புத் தோல் உடையை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறேன். பால் பாக்கெட் போடும் பையன் என்னைப் பார்த்ததும் சைக்கிளை ஒடித்து எதிர்ப்பக்கமாகப் போனான். தெருநாய்கள் குரைக்கவே இல்லை. குரைக்கலாமா, கூடாதா என்று அவற்றுக்கே குழப்பம்!

செல்போன் அடித்தது.

"சார், ஒரகடம் வந்துட்டேன். எங்க சார் நிக்கிறீங்க?"

"இங்கதான்ப்பா நிக்கிறேன். உன் வண்டியைத்தான் காணோம்."

"நா கரெக்டா ஜங்ஷன்லதான் சார் கீறேன். சுத்தி பெரிய பெரிய கார் கம்பெனியா கீது. நீங்க கம்பெனிக்கு உள்ள கீறீங்களா?"

எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரகடங்கள் இரண்டு. ஒன்று, அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி நான் குடியிருக்கும் ஒரகடம். இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, கார் தொழிற்சாலைகள் குவிந்திருக்கும் ஒரகடம். இரண்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குன்றத்தூரில் குடியிருக்கும் டிரைவர், தனக்குத் தெரிந்த ஒரகடத்துக்குப் போய்விட்டார். இதில் கொடுமை என்னவென்றால், நான் போகவேண்டிய இடம் அவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் அங்கிருந்து கிளம்பி, அந்த இடத்தைத் தாண்டி, என்னிடம் வந்து, என் பைக்கை ஏற்றிக்கொண்டு, மறுபடி அங்கேயே போக வேண்டும்!

"தோ வந்துடறேன் சார்" என்றார். அந்தத் 'தோ'வுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பைக்கை ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும், பைக்கே ஒரு வண்டிதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன வருஷம் நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில் பதினோராயிரத்து முந்நூறு ரூபாய்.

விவரமாகச் சொல்கிறேன்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் திறந்த பாதை. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். வளைவுகளுக்கு சி1, சி2 என்று நம்பர்தான் பெயர், ஏதோ அரசு குடியிருப்பு மாதிரி. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் இங்கேதான் ஓடுகின்றன. 2011-ல் மோட்டோ ஜி.பி.யின் 125 சி.சி. பிரிவில் ஓட்டிய முதல் இந்தியரான சரத்குமார் (நடிகர் இல்லை, இவர் வேறு!) சென்னைக்காரர்.

பந்தயம் இல்லாத சில நாட்களில் பணம் கட்டினால் நம்மைப் போன்ற சாமானியர்களும் சொந்த பைக்கில் போய்ச் சுற்றலாம். அதற்கு 'ட்ராக் டே' என்று பெயர். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. காலையிலிருந்து மாலை வரை கால் மணி, இருபது நிமிஷம் என்று தவணை தவணையாக ஓட்ட விடுவார்கள். கூடவே பாடம் நடத்தும் பள்ளிகளும் உண்டு. அமெரிக்காவில் கீத் கோட் என்பவர் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட இங்கே வந்து வகுப்பு எடுத்திருக்கிறது.

நான் பி.காம். பட்டதாரி. பத்திரிகைகளுக்கு எழுதிக் கிடைக்கிற காசில் ஒரு 200 சி.சி. பைக் வைத்திருக்கிறேன். என் சொத்துப் பட்டியலில் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கக்கூடிய ஒரே ஐட்டம் அதுதான். பேட்டி எடுக்க, கட்டுரை கொடுக்க, செக் வாங்க, செக் வராததற்குச் சண்டை போட, எல்லாவற்றுக்கும் அதுதான். 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரே சொத்தை ட்ராக்குக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

போவதில் பிரச்னையே இல்லை. அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பருத்திப்பட்டு, காடுவெட்டியில் கூவம் பாலம், சென்னீர்குப்பம், பூந்தமல்லி. சுமார் முப்பது கிலோமீட்டர். வாடகைக்கு எடுத்த தோல் உடையைப் பைக்குள் திணிக்க முடியவில்லை. ஆகவே மேலேயே மாட்டிக்கொண்டேன். ஆவடி என்பது ஏதோ ஆங்கில ராணுவப் பெயரின் சுருக்கம் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். என்னைக் கேட்டால், பிப்ரவரி வெயிலில் தோல் உடையோடு அங்கே சிக்னலில் நிற்பவனின் 'ஆ... அடி!' என்ற முனகல்தான் மருவி ஆவடி ஆயிருக்கும்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்னய்யா வேஷம் இது? ஷூட்டிங்கா?"

"இல்ல சார், ரேஸ் ட்ராக்குக்குப் போறேன்."

'ரேஸ்' என்று சொல்லியிருக்கக் கூடாது. நம் ஊரில் பைக்கும் ரேஸும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அது நள்ளிரவு, நாலு பேர் கைது, பெற்றோர் கண்ணீர் என்று செய்தித்தாளின் மூன்றாம் பக்கம்தான். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்தார். நல்லவேளை, முகப்பு விளக்கும் கண்ணாடிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இங்கே ஒரு தொழில் ரகசியம்: ட்ராக்குக்குள் போக, கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும், விளக்குகள் மேல் டேப் ஒட்ட வேண்டும். உடைந்தால் சில்லுகள் பாதையில் சிதறக்கூடாது அல்லவா. ஆனால் ரோட்டில் கண்ணாடி இல்லாமல் போனால் அபராதம். ஆகவே ஓட்டிக்கொண்டு போகிறவன் எல்லா வேலையையும் அங்கே போய்ச் செய்துவிட்டு, சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். ஸ்பேனர் செட், டேப், கேபிள் டை, காற்றடிக்கும் பம்ப், தண்ணீர் பாட்டில் என்று என் முதுகில் ஒரு சின்ன மெக்கானிக் ஷாப்பே தொங்கியது.

பம்ப் எதற்கு? ட்ராக்கில் டயர் சூடாகி உள்ளே காற்றழுத்தம் ஏறும் என்பதால், ஆரம்பத்திலேயே கொஞ்சம் குறைத்துவிடுவார்கள். திரும்பும்போது அதை மறுபடி ஏற்ற வேண்டும். இந்த அறிவெல்லாம் எனக்கு இருந்தது. திரும்பும்போது பைக் இருக்குமா என்ற அறிவுதான் இல்லை.

காலையில் மூன்று தவணை, சொர்க்கம்! அதைப் பற்றி எழுதினால் ஆசிரியர் பக்கம் போதாது என்பார். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ஹார்ன் சத்தமே கிடையாது. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சாலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நாலாவது தவணைக்கு இறங்கினேன். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு யாரும் பைக் ரேஸ் ஓட்டக்கூடாது. ஒரு இடது வளைவில் கவனம் ஒரு விநாடி தாமதமாக வந்து சேர்ந்தது. நான் புல்லிலும், பைக் மண்ணிலும் தனித்தனியாகப் போய் நின்றோம். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பைக்குக்கு இடது பக்கம் கிளட்ச் லீவர் பாதி உடைந்தது, கியர் லீவர் முழுக்க உடைந்தது, ஹேண்டில் பார் கோணல். ஓட்டவே முடியாது.

மணி ஐந்தரை. ட்ராக்கில் மற்றவர்கள் தங்கள் பைக்குகளை வேன்களிலும் மினி லாரிகளிலும் அழகாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. நாலைந்து வருஷமாக வருகிறவர்கள் யாருமே பைக்கை ஓட்டிக்கொண்டு வரவில்லை! எல்லா வண்டியிலும் இடம் நிரம்பியிருந்தது.

நெடுஞ்சாலை டீக்கடையில் கெஞ்சியதில், வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டி யானை கிடைத்தது. (2005-ல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த சின்ன வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர். எந்த விளம்பரக் கம்பெனியும் கோடி ரூபாய் கொடுத்தாலும் இப்படி ஒரு பெயர் வைக்க முடியாது.) கயிறு ஒன்றே ஒன்றுதான். அதை சீட்டைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, "அசையாது சார்" என்றார் அந்த டிரைவர். பக்க ஸ்டாண்டைப் போட்டு நிறுத்தினோம். மேலே ஒரு தார்ப்பாய்.

செம்பரம்பாக்கம் அருகே ஒரு பஸ் திடீரென்று பிரேக் போட, இவரும் போட, பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் என் பைக் படுத்துக்கொண்டிருக்கிறது. டேங்க் நசுங்கி, வலது பக்கமும் போய்விட்டது. கணக்குப் பிள்ளை புத்தியோடு பிற்பாடு கூட்டிப் பார்த்தேன். ட்ராக்கில் மணிக்கு எண்பது கிலோமீட்டரில் விழுந்ததற்குச் செலவு 3,400 ரூபாய். வண்டியில் நின்ற இடத்தில் விழுந்ததற்குச் செலவு 7,900 ரூபாய்!

இன்ஷூரன்ஸ்? பாலிசியை அன்றிரவுதான் முதல் தடவையாகக் கடைசி பக்கம் வரை படித்தேன். பி.காம். பாடத்தில் இன்ஷூரன்ஸ் ஒரு பேப்பர் எழுதி அறுபத்திரண்டு மார்க் வாங்கியவன் நான். 'ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. வண்டியில் சரக்காக ஏற்றிப் போகும்போது தானாக விழுந்து அடிபட்டால் என்ன என்று ஏஜென்டிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், நீங்க எழுத்தாளர்தானே?" என்றார்.

பணத்தை விடுங்கள். அன்று ராத்திரி நடந்ததுதான் விஷயம்.

என் செல்போன் சார்ஜ் தீர்ந்து நாலு மணிக்கே செத்துவிட்டது. ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், குட்டி யானை எங்கள் தெருவில் திரும்பும்போது மணி ஒன்பதரை. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் கண்ணில் முதலில் பட்டது வண்டியின் பின்பக்கம். தார்ப்பாய்க்குக் கீழே நசுங்கிக் கிடந்த பைக்கும், அதன் பக்கத்தில் தனியாக உருண்டுகொண்டிருந்த ஹெல்மெட்டும். நான் முன் சீட்டில் இருட்டில் இருந்தேன். கதவு கொஞ்சம் மக்கர் செய்தது. நான் இறங்கி "அப்பா" என்று கூப்பிட ஒரு பத்து விநாடி ஆகியிருக்கும்.

அந்தப் பத்து விநாடியில் அவர் முகத்தை நான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அப்புறம் பதினோரு நாள் என்னோடு பேச்சே கிடையாது. "ஏங்க, மாமா உங்களுக்குச் சொல்லச் சொன்னார், கரன்ட் பில் கட்டணுமாம்" என்று என் மனைவிதான் தூது. அவருடைய டைரிக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு இருப்பதைப் பிறகு பார்த்தேன். 2023-ல் அந்த ட்ராக்கில் இரண்டு உயிர்கள் போயின. ஜனவரியில் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.ஈ.குமார், ஆகஸ்ட்டில் பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். அந்தப் பையனைப் பற்றிய செய்தியைத்தான் அப்பா வெட்டி வைத்திருந்தார். நான் ட்ராக்குக்குப் போகும் முன்பே வெட்டியது. என்னிடம் காட்டவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை.

* * *

பதினோரு மாதம் ட்ராக் பக்கம் தலைவைக்கவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி அரிப்பு எடுத்தது. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்த வாரம் அது. ஊரில் பாதிப் பேருக்கு அரிப்பு. இந்தத் தடவை முன்கூட்டியே குட்டி யானை பேசினேன். போக, வர, நாள் முழுக்கக் காத்திருக்க என்று ஐயாயிரத்தில் ஆரம்பித்து நாலாயிரத்தில் முடிந்தது. ராட்செட் பெல்ட் நாலு வாங்கினேன். எல்லாம் ரகசியமாக. வீட்டில் ரகசியம் என்பது, மனைவிக்குத் தெரிந்து அப்பாவுக்குத் தெரியாதது. அதாவது அப்பாவுக்கும் தெரிந்தது.

முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பெல்ட்டு வாங்கினியாமே. எங்க எங்க கட்டுவே?"

நான் சீட்டைக் காட்டினேன்.

"முட்டாள்" என்றார். எவ்வளவு நாளாயிற்று அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு!

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் என்று டாங்கிகள் பிறக்கிற இடம். அதில் அப்பா இருந்தது டெஸ்பாட்ச் பக்கம். நாற்பது டன் டாங்கியை ரயில் வேகனில் ஏற்றி, கட்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்கி அனுப்புகிற வேலை. ஆவடியில் ஏற்றியது ராஜஸ்தானில் போய் இறங்கும்போது ஒரு அங்குலம் நகர்ந்திருக்கக்கூடாது. நான் சின்ன வயதில் எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பவர்களிடம் "கயிறு கட்டற வேலை" என்று சொல்லி உதை வாங்கியிருக்கிறேன்.

விடிந்து ஒருவழியாகக் குட்டி யானை சரியான ஒரகடத்துக்கு வந்ததும், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கையில் இரண்டு பலகை, பழைய சைக்கிள் டியூப், கட்டைகள். நாங்கள் மூன்று பேரும் பலகை வழியாக பைக்கைத் தள்ளி ஏற்றினோம். நீளம் ஏழு அடி சொச்சம்தான் என்பதால் பைக் மட்டுமட்டாகத்தான் நின்றது.

"ஸ்டாண்டைப் போடாதே. ஸ்டாண்டுல நின்னா ஆடும்போது ஸ்டாண்டே கடப்பாரை மாதிரி நெம்பித் தள்ளிடும். நேரா நிக்கட்டும். முன் சக்கரத்தை கேபின் பக்கம் முட்ட விடு. ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு முன்னால கீழ இழு."

ஒவ்வொரு இழுப்புக்கும் பைக்கின் முன்பக்கம் அமுங்கியது. நான் முழு பலத்தோடு இழுக்கப் போனேன்.

"பாதி போதும். முழுக்க அமுக்கினா ஃபோர்க்குல ஆயில் சீல் போயிடும். பாதி அமுங்கியிருந்தா, பள்ளத்துல வண்டி குதிச்சாலும் ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். புரியுதா? நீ கட்டறது பைக்கை இல்ல, அந்த ஸ்பிரிங்கை."

பெல்ட் உரசும் இடத்திலெல்லாம் டியூப் துண்டைச் சுற்றினார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின்னால் இரண்டு பெல்ட், தூக்கிப் போடாமல் இருக்க. கடைசியில் ஹேண்டிலைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பைக் அசையவில்லை, வண்டி மொத்தமும் ஆடியது. டிரைவர் பயபக்தியோடு, "பெரியவரே, நீங்க லாரி ஆபீஸா?" என்றார்.

"டாங்கி ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா, நீங்க எங்க?"

"வழியில நாலு தடவை நிறுத்திப் பெல்ட்டைப் பாக்கணும். முதல் பத்து கிலோமீட்டர்ல தளரும். நீ பாப்பியா?"

குட்டி யானையில் டிரைவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம். பின்னால் சரக்கோடு மனிதர் ஏறக்கூடாது. போலீஸ் பிடிக்கும். அப்புறம் நான் எப்படிப் போவது? என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தன் ஸ்கூட்டியின் சாவியை நீட்டினாள். இளம் சிவப்பு நிற ஸ்கூட்டி. முன்னால் பிள்ளையார் ஸ்டிக்கர்.

ஆக, என் வீரப் பயணம் இப்படி அமைந்தது. முன்னால் குட்டி யானை. அதன் மேல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்ற என் பைக். பின்னால் முழுத் தோல் உடை, பந்தய ஹெல்மெட், முழங்கால் வரை பூட்ஸ் சகிதம் இளஞ்சிவப்பு ஸ்கூட்டியில் நான், மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டரில். திருமுல்லைவாயலில் ஷேர் ஆட்டோவில் இருந்த ஒரு குழந்தை எனக்குக் கை காட்டியது. பருத்திப்பட்டில் அப்பா சொன்னபடியே நிறுத்தினார். அவர் சொன்னபடியே பெல்ட் ஒரு பல் தளர்ந்திருந்தது.

பூந்தமல்லியில், நம்புங்கள், அதே போலீஸ்காரர்! என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்கூட்டியைப் பார்த்தார். முன்னால் போகும் பைக்கைப் பார்த்தார். நான் சாவியை அணைத்து இறங்கப் போனேன். "போய்யா, போ" என்றார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் ஹெல்மெட் வழியாகப் பார்த்தேன்.

நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம். எட்டரைக்கு உள்ளே போய்விட்டோம். பரிசோதனை முடிந்து முதல் தவணை தவறிப்போயிருந்தது, ஒரகடம் உபயம். மிச்சம் நாலும் ஓட்டினேன். விழவில்லை. வேகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயதுப் பையன்கள் என்னை இடமும் வலமுமாகத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு தவணை முடிந்து வரும்போதும் அப்பா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டயரைத் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். டிரைவர்தான் பேசிக்கொண்டே இருந்தார்.

"சார், நம்ம ஏ.கே. ரேஸ் காரை துபாய்க்கு எதுல சார் ஏத்தினு போவாரு? அதையும் யாராச்சும் இப்பிடித்தான கட்டியிருப்பாங்க?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டு பேரும் விமானத்தில் கார் ஏற்றுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செம்பரம்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த நம்பர்கள் மனப்பாடம். டிரைவர் பெல்ட்டைப் பார்க்கப் போனார். (தானாகவே! அப்பாவின் மாணவர் ஆகிவிட்டார்.) அப்பா டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் சோழவரத்துக்குப் போயிருக்கேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சோழவரம், செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுபாதை. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் மெட்ராஸின் ரேஸ் எல்லாம் அங்கேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார்.

"அதைப் பாத்தேன். காது ரெண்டு நாள் கேக்கல. அப்பல்லாம் குட்டி யானை ஏது? பைக்காரன் எல்லாம் அதை ஓட்டிக்கிட்டேதான் வருவான். வந்து ஹெட்லைட்டைக் கழட்டுவான், மட்கார்டைக் கழட்டுவான், சைலன்சரைக் கழட்டுவான். ரேஸ் முடிஞ்சதும் திரும்பப் பூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவான். ஒருத்தன் ஜாவா வெச்சிருந்தான். என்கூட ஃபேக்டரியில. நான்தான் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற ஆளு."

"ஜெயிச்சாரா?"

"நாலாவதா வந்தான். ஜெயிச்ச மாதிரி குதிச்சோம். இருட்டிடுச்சு. ஹெட்லைட்டைத் துணியில சுத்திப் பையில வெச்சிருந்தோம். 'அதைப் பூட்டறதுக்குள்ள இன்னும் இருட்டிடும், அப்படியே போயிடலாம்'னான். நானும் சரின்னேன். நான் பஸ்ல வந்தேன். செங்குன்றம்–ஆவடி ரோட்டுல முன்னால ஒரு மாட்டு வண்டி. அதுலயும் விளக்கு இல்ல."

அவர் நிறுத்திவிட்டு டீயைக் குடித்தார்.

"ஸ்டோர்ஸ்ல இருந்தாரே, உனக்கு தீபாவளிக்கு ராக்கெட் வாங்கிட்டு வருவாரே. அவன்தான்."

குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வரும் அந்த மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும். வலது கால் முழங்காலுக்குக் கீழே மரக்கால். படி ஏறும்போது டக் டக் என்று சத்தம் வரும். ஃபேக்டரியில் மெஷினில் மாட்டியதாக்கும் என்று நாங்கள் பையன்கள் நாங்களாகவே முடிவு செய்துவைத்திருந்தோம். ஒருவரும் கேட்டதில்லை. அவர் ஸ்டோர்ஸிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ரிடையர் ஆனார்.

"உள்ள ஓட்டறதுல எனக்கு பயம் இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார் அப்பா. "ஆனா உள்ள டாக்டர் இருக்கான், ஆம்புலன்ஸ் இருக்கு, கொடி காட்டறவன் இருக்கான். வெளிய வர்றப்போதான் நீ களைச்சுப் போயிருப்பே. கை மட்டும் இன்னும் அந்த வேகத்துலயே இருக்கும். அந்த நேரத்துக்கு நீ வண்டி ஓட்டக்கூடாது. அன்னிக்கு ஒன்பதரை மணிக்கு..."

முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன். அவருக்குச் சர்க்கரை குறைச்சலாக.

அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அடுத்த பதினைந்தாவது நிமிஷம் தெரிந்தது. பூந்தமல்லி தாண்டி, ஆவடி ரோட்டில் ஒரு வளைவில், என்னையறியாமல் இளஞ்சிவப்பு ஸ்கூட்டியில் ஒரு பக்கமாக உடம்பைச் சாய்த்து முழங்காலை வெளியே நீட்டினேன்! எதிரே வந்த தண்ணீர் லாரிக்காரர் என்னைப் பற்றியும் என் குடும்பத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். முன்னால் குட்டி யானையின் பக்கக் கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அப்புறம் வீடு வரை இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை.

வீட்டில் பைக்கை இறக்கினோம். ஒரு கீறல் இல்லை. நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"காலைல அந்த ஒரகடம் போயிட்டு வந்தேன் பாருங்க சார், டீசல் ஒரு நானூறு..."

"நீ தப்பான இடத்துக்குப் போனதுக்கு நான் ஏம்ப்பா குடுக்கணும்? அம்பத்தூர்னு தெளிவாச் சொன்னேனா இல்லையா?"

"ஒரகடம்னுதான் சார் சொன்னீங்க. போன்ல கீது, காட்டட்டா?"

காட்டினார். நான் அனுப்பிய செய்தியில் 'ஒரகடம், காலை 5 மணி' என்று மட்டும்தான் இருந்தது. இருவரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா பெல்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"ஆளுக்கு இருநூறு. அடுத்த தடவை அட்ரஸை நான் சொல்றேன்."

'அடுத்த தடவை'யா! நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டியைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, பெட்ரோல் ஃபுல்லா போட்டு வெச்சிருந்தேனே... முள் சிவப்புல நிக்குது?"